முப்பத்து நான்கு ஒன்பதுகள்

எங்கள் பள்ளியில் அவர் வந்து சேர்ந்த அன்று, தலைமை ஆசிரியர் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார்.

“மதுராந்தகத்துல இருந்தா வரீங்க? பரவால்ல, ஒரு மணி நேரந்தான்.”

“போட்டுப் பாத்தீங்களா சார்?” என்றார் அவர்.

தலைமை ஆசிரியருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் புரியவில்லை.

“இல்ல சார், ஒரு மணி நேரம்ன்றீங்களே, போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டேன். நான் முந்தாநேத்து ஒரு வாட்டி வந்தேன், நேத்து ஒரு வாட்டி வந்தேன். ஒன்னு இருபது ஆவுது. செய்யூர்ல டிரைவர் எறங்கி டீ குடிக்கிறாரு.”

வேலையில் சேர்வதற்கு முன்னால் இரண்டு நாள் சும்மா பஸ் ஏறி வந்து, பள்ளிக்கூட கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போன மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அபிப்பிராயத்தை நான் முழுவதுமாக மாற்றிக்கொண்டேன் என்றும் சொல்ல முடியாது.

பள்ளி ஈசிஆர் ரோட்டு ஓரம் இருக்கிறது. கடப்பாக்கத்துக்கு முன்னாலோ பின்னாலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயரும் வேண்டாம், அவர் பெயரும் வேண்டாம். நான் அங்கே சமூக அறிவியல் ஆசிரியை. பிள்ளைகளுக்கு சோசியல் மிஸ். அவர் கணக்கு ஆசிரியை. வந்த ஒரே மாதத்தில் ஊரே அவரைப் ‘போட்டுப்பாரு டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அது என்ன போட்டுப்பாரு என்றால், சமன்பாட்டுக் கணக்கில் விடை கண்டுபிடித்த பிறகு அந்த விடையை x இருந்த இடத்தில் திரும்பப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்ப்பது. புத்தகத்தில் ‘சரிபார்த்தல்’ என்று இரண்டு வரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் அந்த இரண்டு வரியிலேயே குடியிருந்தார்.

சிவப்புப் பேனாவைத் தொடமாட்டார். விடைத்தாளில் டிக்கும் கிடையாது, பெருக்கல் குறி போட்டு அடிப்பதும் கிடையாது. தப்பான விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வளைந்த அம்பு போடுவார், விடையிலிருந்து கேள்விக்குத் திரும்பிப் போகிற மாதிரி. அவ்வளவுதான். பிள்ளையே திரும்பிப் போய், போட்டுப் பார்த்து, தானே அடித்துக்கொண்டு வரவேண்டும். ‘தப்பு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மார்க் எங்கே என்று தலைமை ஆசிரியர் கேட்டால், “வந்துகினு கீது சார்” என்பார்.

ஆசிரியர்கள் விரல் வைக்கிற வருகைப் பதிவுக் கருவியை எங்களுக்கு மாட்டியபோது, எல்லோரும் நல்ல பிள்ளையாக அவரவர் கட்டை விரலை வைத்துவிட்டு உள்ளே போனோம். இவர் மட்டும் சத்துணவு சமைக்கிற அக்காவைக் கூட்டிவந்து விரல் வைக்கச் சொன்னார். அந்த அக்காவின் விரலுக்குத் தலைமை ஆசிரியர் படம் வந்தது. அன்று முழுக்க அந்த அக்கா, “இன்னா, எல்லாருக்கும் லீவு வுட்றட்டா?” என்று கேட்டுக்கொண்டே சாம்பார் ஊற்றினார்.

இப்போது ஜூன் மாதக் கதைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் அசிங்கப்படப் போகிறேன், பரவாயில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்க அவர் ஒரு சின்னத் தேர்வு வைத்தார். பத்தே கேள்வி. அன்று மாலை ஆசிரியர் அறைக்கு லாட்டரி விழுந்த முகத்தோடு வந்தார்.

“டீச்சர், மூணாவது கேள்விய பாருங்க. மூணு எக்ஸ் சமம் பன்னெண்டு, எக்ஸ் எவ்ளோ? நாப்பத்தோரு பேர்ல முப்பத்தி நாலு பேரு ஒம்போதுன்னு எழுதிகீறாங்க!”

“சரி” என்றேன் நான்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது என்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மீதி ஏழு பேரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

“தெரியாதவங்க முப்பத்தி நாலு பேரு இருந்தா முப்பத்தி நாலு விதமா எழுதுவாங்க. எல்லாரும் ஒரே மாதிரி எழுதுனா அது தெரியாதது இல்ல டீச்சர், அது பாடம். யாரோ நடத்தி இருக்காங்க. பக்காவா நடத்தி இருக்காங்க. அவங்கள நான் பாக்கணும்.”

வீட்டுக்குப் போய், கேஸ் பில்லின் பின்பக்கத்தில் x-க்கு ஒன்பதைப் போட்டுப் பார்த்தேன். மும்மூன்று ஒன்பது இல்லை, மூவொன்பது இருபத்தேழு. பன்னிரண்டு வரவேண்டிய இடத்தில் இருபத்தேழு. இன்னொரு தடவை போட்டேன். மறுபடியும் இருபத்தேழு. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது.

ஏனென்றால் அந்தப் பக்காவான ஆள் நான்தான்.

போன வருஷம் எங்கள் கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். புது ஆள் வரவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தலைமை ஆசிரியர், “சோசியல் டீச்சர், எட்டாவதுக்கு மேத்ஸ் கொஞ்சம் பாத்துக்குங்க, ஆள் வர வரைக்கும்” என்றார். ஆள் வர ஒரு வருஷம் ஆனது. நான் பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் சொன்ன வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் என்னிடம் இல்லை. தப்பாகச் செய்தாலும் முழுசாகச் செய்வேன்.

மைதானத்தில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டேன். “இதான் சமக்குறி. இதான் நம்ம ஈசிஆர். கெழக்கால கடலு, மேக்கால வயலு. ரோட்டத் தாண்டுறவன் குறி மாறிடுவான்” என்றேன். பையன்களுக்குக் கழுத்தில் எண் எழுதிய அட்டை. பெண் பிள்ளைகள் எல்லாம் x. கூட்டல் ஐந்து ரோட்டைத் தாண்டும்போது சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். திருப்பிய சட்டை என்றால் கழித்தல். தையல் பிரிந்த சட்டையும் லேபிளுமாக ஒரே கும்மாளம். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்று பார்த்தது. என் சர்வீஸில் அப்படி ஒரு வகுப்பு நான் எடுத்ததில்லை.

அடுத்து 3x வந்தது. பக்கத்தில் ஒட்டி நின்றால் பெருக்கல் என்று மூன்றாம் எண் பையன் x பக்கத்தில் போய் ஒட்டி நின்றான். அவனை நான்தான் பிடித்து இழுத்து, ரோட்டைத் தாண்டவைத்து, சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னேன். கழித்தல் மூன்று. பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. எல்லோரும் கை தட்டினார்கள். சரிபார்த்தல் என்ற இரண்டு வரியை, ‘பரீட்சைக்கு வராது’ என்று பென்சிலால் அடித்துவிட்டேன்.

கணக்கில் x இருக்கிற இடத்தில் எண்ணைப் போடுகிற மாதிரிதான், கணக்கு ஆசிரியர் இருந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். போட்டார்கள், அவ்வளவுதான். யாரும் பார்க்கவில்லை.

இதை அன்றே அவரிடம் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அதற்குள் தலைமை ஆசிரியர் காதுக்கு விஷயம் போய்விட்டது. “யாரு நடத்துனதுன்னு கண்டுபிடிச்சு எழுத்து மூலமா குடுங்க டீச்சர். மெமோ குடுக்கணும். ஜனவரில ஆபீஸ்லருந்து டீம் வருது” என்று கணக்கு டீச்சரிடம் சொன்னார். என்னை நடத்தச் சொன்னதை அவர் கையோடு சேர்த்துக் கழுவியிருந்தார். மெமோ என்ற சொல்லைக் கேட்டதும் என் வாய் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருஷ சர்வீஸில் எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. அதைவிட, ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் டப்பாவிலிருந்து எனக்கு அடை வைக்கிற ஒரே ஆள் அவர்தான். அவர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்று இருந்தது.

“எனக்கு இந்த ஊரு புதுசு டீச்சர். நீங்க வண்டி வெச்சிருக்கீங்க. நாலு பத்துக்கு ஸ்கூல் வுடுது. எனக்கு பஸ் அஞ்சு நாப்பதுக்கு. நடுவுல ஒரு வூடு பாத்துட்டு வந்துடலாமா?” என்றார்.

இப்படியாக, குற்றவாளியைத் தேடிக்கொண்டு போன வண்டியைக் குற்றவாளியே ஓட்டினாள். வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து மாதம். அவர் பின்னால் உட்கார்ந்து கையில் அந்த முப்பத்து நான்கு தாள்களைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வருவார்.

முதலில் டியூஷன். பி.இ. முடித்துவிட்டு மொட்டை மாடியில் டியூஷன் நடத்துகிற பையன், என் பழைய மாணவன். விஷயத்தைக் கேட்டான். என்னைப் பார்த்தான். உடனே கீழே ஓடி எனக்கு மட்டும் ஒரு கூல்டிரிங்ஸ் வாங்கி வந்தான்.

“எங்கிட்ட வரும்போதே ஒம்போதோடதான் டீச்சர் வந்தாங்க.”

“யாருகிட்டருந்து வந்துது?”

“அது... காத்துல பரவி இருக்கும் டீச்சர்.”

அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ‘காற்று’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு வளைந்த அம்பும் போட்டார்.

அடுத்து பஜாரில் பாய் கடை. சோப்பு, பக்கெட், துடைப்பம் விற்கிற கடை. அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. பாய்க்கு உண்மையிலேயே மனக்கஷ்டம் இருந்தது.

“டீச்சர், மூணு பொட்டில பன்னெண்டு சோப்பு, ஒரு பொட்டில எத்தினின்னு கேட்டா டக்குனு நாலுன்றா. அதையே நோட்டுல போடச் சொன்னா ஒம்போதுன்னு எழுதுறா. ஏம்மா இப்பிடின்னு கேட்டா, ‘அது கடை அத்தா, இது கணக்கு’ன்றா.”

“யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டீங்களா பாய்?”

பாய் என்னைப் பார்த்தார். பிறகு கூரையில் தொங்குகிற துடைப்பங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “தெரியலீங்க டீச்சர், காலம் கெட்டுக் கெடக்கு” என்று சொல்லிவிட்டு, என் கையில் ஒரு பேரீச்சம்பழப் பாக்கெட்டைத் திணித்தார். எதற்கு என்று கேட்டேன். “வெச்சிக்கங்க டீச்சர், மனசு தெம்பா இருக்கணும்” என்றார்.

எங்கே போனாலும் இதே கதைதான். இறால் பண்ணை வாட்ச்மேனுக்கு என்னைப் பார்த்ததும் இருமல் வந்தது. ஒரு வீட்டில் அம்மா கதவைத் திறந்தார், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், “பையன் ஊர்ல இல்ல” என்று மூடிவிட்டார். பையன் அவருக்குப் பின்னால் நின்று எங்களுக்குக் கை காட்டினான். ஊரில் எனக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

நான் சும்மாவும் இருக்கவில்லை. “யூடியூப்லதான் டீச்சர் கத்துக்கினு இருப்பாங்க” என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். மறுநாள் கண்கள் சிவந்து வந்தார். பதினோரு வீடியோ போட்டுப் பார்த்தாராம். “எல்லாத்துலயும் நாலுதான் டீச்சர் வருது” என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஆனால் வாயைத் திறக்கிற அளவுக்குப் பாவமாகவில்லை.

ஒரு நாள் வண்டியில் போகும்போது தங்கைக்கு வரன் வந்திருப்பதாகச் சொன்னார். செங்கல்பட்டில் மாப்பிள்ளை வீடு. ஜாதகம் பார்த்ததில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அம்மா குதிக்கிறார்களாம்.

“நல்லதுதானே டீச்சர்.”

“அந்த ஜோசியர நான் போட்டுப் பாத்தேன். வேற ஒரு ஜோடி ஜாதகத்த குடுத்து, இவங்களுக்குக் கல்யாணம் பண்ணலாமான்னு கேட்டேன். பத்துக்கு ஒம்போதரை பொருத்தம், கண்ண மூடிக்கினு பண்ணுங்கன்னாரு.”

“யாரு ஜாதகம்?”

“என்னுதும் எங்க வூட்டுக்காரருதும்.”

அவர் கணவரைப் பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திருவிடந்தை கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றி வந்து நடந்த கல்யாணமாம். “சுத்தனேன் டீச்சர். கரெக்டா ஒம்போது சுத்து. அப்பவே போட்டுப் பாத்திருக்கணும், சுத்தறதுலயே இருந்துட்டேன்” என்று சிரித்தார். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். தன் வாழ்க்கையின் தப்பையே இவ்வளவு லேசாகச் சொல்கிற ஆளிடம் ஒரு சுண்ணாம்புக் கோட்டை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

இதற்கிடையில் மாதா மாதம் அதே தேர்வு நடந்தது. அவர் எத்தனை விதமாகவோ நடத்தினார். ஜூலையில் முப்பத்து நான்கு ஒன்பது. ஆகஸ்டில் முப்பத்து நான்கு. அக்டோபரிலும் குறையாமல் முப்பத்து நான்கு. மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் சரியாகவே எழுதினார்கள். இந்த ஒரு கேள்வியில் மட்டும் ஒன்பது உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. ஜனவரி நெருங்க நெருங்கத் தலைமை ஆசிரியர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார்.

நவம்பர் கடைசியில் மீனவர் குப்பத்துக்குப் போனோம். கடற்கரை மணலில் வலை விரித்து நெத்திலி காயவைத்திருந்தார்கள். மூன்றாம் எண் அட்டை மாட்டி நின்ற அந்தப் பையனின் அம்மா, மழை வருமோ என்று அவசரமாகக் கருவாட்டை வாரிக்கொண்டிருந்தார். கணக்கு டீச்சர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

“யக்கா, உங்க பையன் மூணு எக்ஸ் சமம் பன்னெண்டுன்னா ஒம்போதுன்னு எழுதறான். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு வூட்ல எதனா சொன்னானா?”

அந்த அம்மா நிமிர்ந்தார். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இன்னா டீச்சர் இது, ஒரே கூத்தா கீது! ஆளக் கூடவே இட்டுகினு வந்துகீற. அவுங்களே வண்டிய ஓட்டிகினு வந்துகீறாங்க. அப்பால யாரத் தேடிக்கினு கீற?”

முகவாய்க்கட்டையால் என்னைக் காட்டினார். “என் புள்ளயோட சட்டயத் திருப்பித் திருப்பிப் போட்டு ரெண்டு பட்டன் போச்சி. ஊருக்கே தெரியும்.”

நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தேன். அந்த ஒரு நல்ல காரியத்தையாவது செய்திருந்தேன்.

“தெரியும்க்கா” என்றார் கணக்கு டீச்சர், சாவகாசமாக. “ஜூன்லயே தெரியும். கேட்ட அன்னிக்கே பசங்க சொல்ட்டாங்க.”

நெத்திலியை வாருவதற்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் வந்தார். நான் வண்டியருகே நின்றேன். பஸ் ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியதும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவளுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

“அப்ப அஞ்சு மாசமா என்ன எதுக்கு தெருத் தெருவா இழுத்தடிச்சீங்க?”

“போட்டுப் பாத்தேன் டீச்சர்.”

“எத?”

“உங்களத்தான். ஒவ்வொரு வூட்லயும் உங்களப் போட்டுப் பாத்தேன். எங்கனா ஒரு எடத்துல ‘நான்தான்’னு வாயத் தொறப்பீங்கன்னு. பாய் கடைல கிட்ட வந்துட்டீங்க. பேரீச்சம்பழம் குடுத்து அவரு கெடுத்துட்டாரு.”

பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டினார்.

“உங்க மேல கோவம் கெடயாது டீச்சர். அத போட்டுல்லாம் பாக்க வாணாம். அப்பிடியே எடுத்துக்கங்க.”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அடையைத் தொடவில்லை. ஐந்தாவது நாள் முதல் பீரியடில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய், கரும்பலகையில் 3x = 12 என்று எழுதினேன். “போன வருஷம் நான் உங்களுக்கு இத தப்பா நடத்திட்டேன். ஒம்போது இல்ல” என்றேன்.

“தெரியும் மிஸ். நாலு” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

“எப்போலருந்து தெரியும்?”

“ஜூலைலருந்து மிஸ்.”

“அப்புறம் ஏன்டா மாசா மாசம் ஒம்போதுன்னே எழுதறீங்க?”

பாய் மகள்தான் எழுந்தாள். “நாலுன்னு எழுதுனா நீங்க தப்புன்னு ஆயிடும்ல மிஸ். உங்களுக்கு மெமோ குடுத்துடுவாங்கன்னு எச்.எம். ரூம்ல பேசிக்கினாங்களாம்.”

முப்பத்து நான்கு பேரும் ஐந்து மாதமாக என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்றாம் எண் பையன் மட்டும், “இன்னும் ரெண்டு மாசம் வேணா எழுதறோம் மிஸ்” என்றான். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். டஸ்டரால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் சாக்பீஸ் தூள் ஆகிவிட்டது. நிமிர்ந்தால் வராந்தாவில் கணக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டோடு நிற்கிறார். அவருக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்குக் கணக்கு வந்துவிட்டது, எனக்குத்தான் வரவில்லை என்று தெரிந்துகொண்டுதான் வண்டியில் ஏறி வந்திருக்கிறார்.

அன்று மாலை எல்லோருமாக மைதானத்தில் மறுபடியும் கோடு போட்டோம். இந்தத் தடவை மூன்றாம் எண் பையன் ரோட்டைத் தாண்டவே இல்லை. x பிள்ளைகள் மூன்று பேர் ஒரு பக்கம், பன்னிரண்டு பேர் மறுபக்கம். பன்னிரண்டு பேரும் சமமாகப் பிரிந்து ஒவ்வொரு x-க்கும் நான்கு பேராகப் போய் நின்றார்கள். ஒரு சட்டையும் திரும்பவில்லை. பார்க்கக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

ஜனவரியில் டீம் வந்தது. அதிகாரி மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் நான்கு எழுதியதைப் பார்த்துவிட்டு, கட்டாக இருந்த பழைய தாள்களைப் புரட்டினார். “நவம்பர் வரைக்கும் ஒம்போதுன்னு இருக்கே, இத யாரு நடத்துனது?” என்றார். நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“நான்தான் சார்” என்றேன். கடைசி பெஞ்சருகே நின்று கையைத் தூக்கியிருந்தேன், பிள்ளைகள் மாதிரி.

“உங்க சப்ஜெக்ட்?”

“சோசியல் சார்.”

தலைமை ஆசிரியர் துள்ளிவிட்டார். “உங்கள யாரு மேத்ஸ் நடத்தச் சொன்னது?”

“நீங்கதான் சார்.”

“நானா? எப்ப? சும்மா சொல்லாதீங்க.”

“எதுக்கு சார் பேச்சு, போட்டுப் பாத்துடலாம்” என்று கணக்கு டீச்சர் தன் கைப்பையிலிருந்து போன வருஷத்துப் பாடவேளை மாற்றுப் பதிவேட்டை எடுத்தார். ஒரு வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஆறு பீரியட், கணக்கு ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என் பெயர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் தலைமை ஆசிரியர் கையெழுத்து. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் மூடிவைத்துவிட்டு, “டீ சொல்லுங்க” என்றார். மெமோவைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போகிற பள்ளிக்கு முன்கூட்டியே இரண்டு தடவை போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். தங்கைக்கு அந்தச் செங்கல்பட்டு மாப்பிள்ளையே அமைந்தார். ஜாதகத்தை விட்டுவிட்டு, மாப்பிள்ளையை மூன்று தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவ வைத்துப் பார்த்தாராம். அதெல்லாம் நடந்து எட்டு வருஷம் இருக்கும். ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்க்கிறான். யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், ‘போட்டுப் பார்த்தீர்களா’ என்று என் வாயில் வருகிறது. கேட்பதில்லை.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

“டீச்சர், நல்லாருக்கீங்களா? ஒரு விஷயம். ஒம்போது இங்கயும் கீது.”

“ஐயையோ! நான் அந்தப் பக்கமே வரல டீச்சர்!”

“தெரியும், தெரியும். இங்க ரோடு இல்ல, ரயில்வே கேட்டு. கேட்டத் தாண்டுனா குறி மாறிடும்னு நடத்தி வெச்சிகீறாங்க. தமிழ் டீச்சர். தங்கமானவங்க. ஸ்கூட்டி வெச்சிருக்காங்க. ரெண்டு மாசமா வூடு வூடா போய்க்கினு கீறோம்.”

எனக்கு அந்த முகம் தெரியாத தமிழ் டீச்சர் மேல் பரிதாபமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அடை கொண்டுபோகிறாரா என்று கேட்க வாய் வந்தது. அதை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன்.

“டீச்சர், பாவம், அவங்களுக்கு இன்னும் தெரியாதா?”

“மெதுவா பேசுங்க” என்றார் அவர். “பக்கத்துலதான் பெட்ரோல் போட்டுக்கினு கீறாங்க.”